ஐந்து நிற டார்ச்லைட்டுக்காகக் காத்திருக்கலாமா?

தம்பி, நீங்கள் கேட்டதை மற்றவர்களுக்கும் புரியும்படி முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். கெடாவில் பாடாங் செராய் பக்கம் ஒரு செம்பனை ஆலையில் உங்களுக்கு இரவு ஜாகா (காவல்) வேலை. அப்பா இன்னும் மூன்று ஏக்கர் கித்தா (ரப்பர்) காட்டில் விடிவதற்கு முன்னால் பால் வெட்டப் போகிறார். வெள்ளை, சிவப்பு, பச்சை, நீலம், யூவி (புற ஊதா) என்று ஐந்து ஒளியும் ஒரே குழலில் வரும் புது டெக்டிகல் (போலீஸ், ராணுவ பாணி) டார்ச்லைட் ஒன்று சீக்கிரம் வெளிவருகிறது என்று விளம்பரம் பார்த்திருக்கிறீர்கள். விலை 300 வெள்ளிக்கு (ரிங்கிட்) மேல். இப்போதே பணம் கட்டினால் கொஞ்சம் குறைத்துத் தருவதாகச் சொல்கிறார்கள். காத்திருக்கலாமா, முன்பணம் கட்டலாமா, இத்தனை நிறம் எதற்கு, அப்பாவும் அதையே வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

காத்திருங்கள். முன்பணம் கட்டாதீர்கள். அப்பாவுக்கு அது வேண்டாம். அவருக்கு வேண்டியது வேறு விளக்கு, அதை இந்த வாரமே வாங்கிவிடுங்கள். இதுதான் என் பதில். காரணம் சொல்லாமல் இப்படிச் சொன்னால் யாரும் ஏற்க மாட்டார்கள், அதனால் நீட்டித்தான் எழுத வேண்டியிருக்கிறது.

நான் தோட்டத்தில் பிறந்தவன். இங்கே கடைத்தெருவில் மின்சாமான் பழுது பார்க்கும் கடை வைத்து இருபது வருடத்துக்கு மேல் ஆகிறது. டார்ச்லைட் என்பது எனக்கு விளையாட்டுச் சாமான் இல்லை. என் அம்மா நெற்றியில் கார்பைட் விளக்கைக் கட்டிக்கொண்டு பெரட்டுக்கு (காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கும் இடம்) போனவர். கீழ்க் குடுவையில் கார்பைட் கல், மேலே தண்ணீர். தண்ணீர் சொட்டுச் சொட்டாக இறங்கினால் அசிட்டிலின் வாயு கிளம்பி முனையில் எரியும். பூண்டு வாடை மாதிரி ஒரு வாடை அடிக்கும். அம்மாவின் தலைத்துணியை எத்தனை முறை துவைத்தாலும் அது போகாது. விடிவதற்கு முன்னால் ஏன் வெட்ட வேண்டும் என்று சின்ன வயதில் கேட்டிருக்கிறேன். வெயில் ஏறினால் பால் இறங்காது என்பார். அது உண்மைதான். இரவில் இலைகள் நீரை அதிகம் வெளியே விடுவதில்லை, அதனால் விடியும் நேரத்தில் பட்டைக்குள் இருக்கும் பால்குழாய்களில் அழுத்தம் கூடி நிற்கும். வெயில் ஏற ஏற அந்த அழுத்தம் இறங்கும், பால் சீக்கிரம் நின்றுவிடும். ஆக, இந்தத் தொழிலே இருட்டில் நடக்க வேண்டிய தொழில். ஒரு விளக்கு நல்லதா கெட்டதா என்பதை நான் அந்த மரத்தடியில் வைத்துத்தான் முடிவு செய்வேன். உங்களுக்கும் அதையே சொல்வேன்.

முதலில் நிறம் எங்கிருந்து வருகிறது என்று பார்ப்போம். பழைய டார்ச்லைட்டில் பல்பு எப்போதும் ஒன்றுதான். முன்னால் சிவப்பு அல்லது பச்சைக் கண்ணாடி மூடியைப் போட்டால் நிறம் மாறும். வெள்ளை ஒளியில் பெரும்பகுதியை அந்த மூடி விழுங்கிவிடும். எல்இடியில் அப்படி இல்லை, ஒவ்வொரு நிறத்தையும் ஒரு சிப் தானே பிறப்பிக்கிறது. கண்ணுக்குத் தெரியும் சிவப்பு எல்இடி 1962-இல் வந்துவிட்டது. நல்ல வெளிச்சம் தரும் நீலத்துக்கு 1990-கள் வரை ஆயிற்று. அதைச் சாதித்த அகாசாகி, அமானோ, நாகாமுரா மூவருக்கும் 2014-இல் இயற்பியல் நோபெல் கிடைத்தது. நீலத்துக்கு ஏன் அவ்வளவு பெரிய பரிசு என்றால், அது இல்லாமல் வெள்ளை எல்இடியே இல்லை. நாம் வெள்ளை என்று பார்ப்பது நீலச் சிப்பின் மேல் மஞ்சள் பாஸ்பர் பூச்சைப் பூசி எடுத்த வெளிச்சம். உங்கள் டார்ச்லைட்டை அணைத்துவிட்டு உள்ளே பாருங்கள், நடுவில் மஞ்சளாக ஒரு சதுரம் தெரியும். அதுதான் அந்தப் பூச்சு.

இந்தச் சிப்புகள் எங்கோ தூர தேசத்திலிருந்து வருகிற அதிசயமும் இல்லை. பக்கத்தில் கூலிம் ஹைடெக் பார்க்கில் ஒஸ்ராம் கம்பெனி 2017-இல் எல்இடி சிப் ஆலை திறந்தது. பினாங்கு பாயான் லெப்பாஸில் எல்இடி வேலை அதற்கு வெகுகாலம் முன்பிருந்தே நடக்கிறது. கம்பெனி பஸ் ஏறி அங்கெல்லாம் ஷிப்டுக்குப் போகிற நம் பிள்ளைகள் எத்தனை பேர்! அம்மா கார்பைட் விளக்கோடு மரத்தடியில் நின்றார். அதே லயத்துப் பேத்திகள் வெள்ளை உடை போட்டுத் தூசி இல்லாத அறையில் எல்இடியைச் சோதிக்கிறார்கள். இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு நிறையும்.

இனி உங்கள் ஜாகா வேலைக்கு வருவோம். ஐந்து நிறத்தில் உங்களுக்கு உண்மையாகப் பயன்படப் போவது சிவப்பு. நம் கண் இருட்டுக்கு முழுதாகப் பழக 20 முதல் 30 நிமிடம் ஆகும். இருட்டில் பார்ப்பதற்கென்று விழித்திரையில் இருக்கும் செல்கள் அடர் சிவப்பைப் பெரும்பாலும் உணர்வதே இல்லை. அதனால் மங்கலான சிவப்பில் பதிவுப் புத்தகத்தைப் பார்த்துக் கையெழுத்துப் போட்டுவிட்டு அணைத்தால், வேலியோரம் நிற்கும் ஆளின் நிழல் உடனே கண்ணுக்குப் படும். வெள்ளையில் பார்த்துவிட்டு அணைத்தால் சில நிமிடங்களுக்குக் கறுப்புத் திரைதான். மங்கலான சிவப்பு என்று நான் சொன்னதைக் கவனியுங்கள். சிவப்பாக இருந்தாலும் வெளிச்சம் கூடினால் கண் கெட்டுவிடும். 200 லூமன் (விளக்கு தரும் மொத்த ஒளியின் அளவு) சிவப்பு என்று விளம்பரம் போட்டால் அது உங்களுக்கு வேண்டியதே இல்லை, 1 அல்லது 2 லூமனுக்கு இறங்குமா என்று கேளுங்கள். இன்னொன்று, பதிவுப் புத்தகத்தில் சிவப்பு மையால் எழுதியது சிவப்பு ஒளியில் மறைந்துவிடும். ஷிப்டு மாறும்போது முக்கியமான குறிப்பைச் சிவப்புப் பேனாவால் எழுதும் பழக்கம் நம்மில் பலருக்கு உண்டு. நீல மைக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

செம்பனைக் குலை திருடுகிறவர்களைப் பிடிக்கத்தான் இந்த விளக்கு என்றால், அங்கே சிவப்புக்கு வேலை இல்லை. வெள்ளைதான் வேண்டும். திருடன் போட்டிருந்த சட்டை பச்சையா நீலமா, மோட்டார் சிவப்பா கறுப்பா என்று போலீசில் கேட்பார்கள். நிற ஒளியில் பார்த்தவன் அதற்குப் பதில் சொல்ல முடியாது. சிவப்பு ஒளியில் சிவப்புச் சட்டையும் வெள்ளைச் சட்டையும் ஒன்றுபோலவே தெரியும்.

இது எவ்வளவு தூரம் உண்மை என்பதை நான் மரத்தடியில் பார்த்தேன். கடைக்குப் பழுதுக்கு வந்த மூன்று நிற விளக்கு ஒன்றைச் சரி செய்து முடித்து, மறுநாள் காலை ஐந்தரைக்கு என் மாமாவோடு அவருடைய காட்டுக்குப் போனேன். மாமா ஒரு மரத்தை வெட்டினார். வெள்ளை ஒளியில் புதுசாகச் சீவிய பட்டை இளஞ்சிவப்பாக ஈரத்தோடு மின்னியது. கோட்டின் மேல் விளிம்பில் பால் முத்து முத்தாகக் கட்டி, ஒன்றோடொன்று சேர்ந்து, சரிவில் இறங்கித் தகரத்தின் நுனியில் ஒரு கணம் தயங்கி, பால் பிடிக்கும் மங்கில் விழுந்தது. சிவப்புக்கு மாற்றினேன். பால் காணாமல் போயிற்று. இறங்கிக்கொண்டுதான் இருந்தது, விழும் சத்தம் கேட்டது, ஆனால் பட்டையும் பாலும் ஒரே நிறமாகிக் கோடே தெரியவில்லை. மாமா கத்தியை எடுத்துவிட்டுத் தள்ளி நின்றார். பிறகு பச்சைக்கு மாற்றினேன். பட்டை கறுத்துவிட்டது, பால் மட்டும் பச்சை நூல் மாதிரி தனியாக நின்றது. காரணம் எளிதுதான். பழுப்புப் பட்டை சிவப்பொளியை நன்றாகத் திருப்பி அனுப்பும், பச்சையைக் குறைவாகத்தான் அனுப்பும். பால் எல்லா நிறத்தையும் திருப்பி அனுப்பும். அதனால் சிவப்பில் இரண்டும் கலந்துவிடுகின்றன, பச்சையில் பிரிந்து தெரிகின்றன.

பச்சையில் வெட்டலாமே என்று கேட்காதீர்கள். பால் தெரிந்தால் போதாது, பட்டையின் ஆழமும் தெரிய வேண்டும். மரத்தின் உயிர்ப் படலத்துக்கு வெளியே ஒரு மில்லிமீட்டர், ஒன்றரை மில்லிமீட்டர் பட்டையை விட்டுத்தான் வெட்ட வேண்டும். அதைத் தாண்டிக் காயம் பட்டால் பட்டை மேடும் பள்ளமுமாக வளரும், அந்த இடத்தில் அடுத்த சுற்று வெட்டுக்கு வழியில்லை. வெளிப்பட்டை, உள்பட்டை, அதன் அடியில் நிறம் மாறும் இடம் எல்லாவற்றையும் பழுப்பிலும் சிவப்பிலும் உள்ள நுண்ணிய வித்தியாசத்தை வைத்துத்தான் கண் கண்டுபிடிக்கிறது. அதற்கு நல்ல வெள்ளை ஒன்றே வழி.

நல்ல வெள்ளை என்று எதைச் சொல்கிறேன்? விளம்பரத்தில் யாரும் பெரிய எழுத்தில் போடாத ஒரு எண் இருக்கிறது, சிஆர்ஐ. ஒரு விளக்கு நிறங்களை எவ்வளவு உண்மையாகக் காட்டுகிறது என்பதற்கான மதிப்பெண் அது. 100 என்றால் முழு மதிப்பெண். மலிவான, நீலம் தூக்கலான வெள்ளை எல்இடி பலவற்றில் இது 70 அளவில் நிற்கும். லூமன் எண்ணைக் கூட்டிக் காட்டுவதற்கு அந்த மாதிரி எல்இடிதான் வசதி. 90-க்கு மேல் உள்ளவை வெளிச்சத்தில் கொஞ்சம் குறையும், ஆனால் சிவப்பும் பழுப்பும் உயிரோடு தெரியும். நிச்சியா 519ஏ என்ற எல்இடியை இதற்காகவே தேடிப் போட்டுக்கொள்கிறவர்கள் உண்டு. அந்த ஐந்து நிற விளக்கில் உள்ள வெள்ளையின் சிஆர்ஐ என்ன, நிறவெப்பம் (வெள்ளை மஞ்சள் பக்கம் சாய்கிறதா, நீலப் பக்கம் சாய்கிறதா என்ற அளவு) எத்தனை கெல்வின் என்பதை வெளிவந்ததும் முதலில் பாருங்கள். நான்கு வண்ணத்தை விற்பதற்காக வெள்ளையில் கைவைத்திருந்தால் அந்த விளக்கை விட்டுவிடலாம். ஒரு இரவில் நீங்கள் நூறு தடவை விளக்கை அடித்தால் தொண்ணூறு தடவை அது வெள்ளையாகத்தான் இருக்கும்.

பச்சையைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. நம் கண் பச்சையைத்தான் மிகக் கூர்மையாக உணரும், அதனால் குறைந்த மின்சாரத்தில் அதிக வெளிச்சம் போலத் தோன்றும். நீலம் உங்களுக்குத் தேவையே படாது. மூடுபனியையும் புகையையும் இந்த நிறம் துளைக்கும், அந்த நிறம் துளைக்கும் என்று விற்பவர்கள் சொல்வார்கள். பனித் துளிகளும் உங்கள் ஆலையில் குலைகளை ஆவியில் வேகவைக்கும் ஸ்டெரிலைசர் பக்கம் கிளம்பும் ஆவியும் எல்லா நிறத்தையும் கிட்டத்தட்ட ஒரே அளவில்தான் சிதறடிக்கும். அங்கே உதவுவது விளக்கைப் பிடிக்கும் இடம். கண்ணுக்குப் பக்கத்தில் பிடித்தால் ஆவி வெள்ளைச் சுவராக முகத்துக்கு நேரே திரும்பும். இடுப்புக்குக் கீழே இறக்கிப் பிடியுங்கள், பாதை தெரியும்.

சிவப்பும் நீலமும் மாறி மாறி மின்னும் முறை இதில் இருக்கும் என்று போட்டிருக்கிறார்கள் அல்லவா? ஆலை வளாகத்துக்குள்ளேகூட அதைப் பழக்கமாக்க வேண்டாம். வெளியே சாலையில் அதை அடித்தால் வருகிறவன் போலீஸ் என்று நினைத்து வண்டியை ஒடிப்பான். விபத்துக்கும் பொறுப்பு, வழக்குக்கும் பொறுப்பு உங்களுடையதாகிவிடும்.

யூவி ஒளியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல ஆசை, ஏனென்றால் தோட்டப்புறத்து ஆட்களுக்கு அதில் நிஜமான உபயோகம் இருக்கிறது. நட்டுவாக்காலியின் மேலோட்டில் யூவி பட்டால் ஒளிரும் பொருள் இருக்கிறது. சாதாரண வெளிச்சத்தில் கறுப்போடு கறுப்பாக விறகுக் கட்டையின் அடியில் பதுங்கியிருப்பது, யூவி அடித்தவுடன் பச்சையும் நீலமும் கலந்த நிறத்தில் கண்ணாடிப் பொம்மை மாதிரி எரியும். பழைய லயத்து வீடுகளில் இருக்கிறவர்கள் ராத்திரி செருப்புப் போடும் முன், குளியலறைக் கல்லுக்குப் பக்கம், விறகு அடுக்கின் பக்கம் ஒரு தடவை அடித்துப் பார்க்கலாம். ஒன்று மட்டும் நினைவில் இருக்கட்டும், புதுசாகத் தோல் உரித்தது ஒளிராது. அதனால் யூவியில் ஒன்றும் தெரியவில்லை என்பதற்காகக் கையை உள்ளே விடக்கூடாது.

கடை வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு உபயோகமும் உண்டு. சாதாரண வெள்ளைக் காகிதம் யூவியில் நீலமாகப் பளிச்சிடும். நல்ல ரிங்கிட் நோட்டின் காகிதம் அப்படிப் பளிச்சிடாது, அதில் யூவியில் மட்டும் தெரியும்படி வைத்த குறிகள்தான் ஒளிரும். 1 வெள்ளியும் 5 வெள்ளியும் பிளாஸ்டிக் நோட்டு, அதைக் காகித நோட்டோடு ஒப்பிட வேண்டாம். இந்த வேலைக்கு 365 நானோமீட்டர் யூவி வேண்டும். மலிவு விளக்குகளில் வருவது 395; ஊதா வெளிச்சமே கண்ணை நிறைத்துவிடும், நோட்டின் ஒளிர்வு அதற்குள் அமுங்கிப்போகும். நட்டுவாக்காலிக்கு 395-ம் போதும். எதுவாக இருந்தாலும் யாருடைய கண்ணிலும் அடிக்காதீர்கள். 365 கண்ணுக்கு அவ்வளவாகத் தெரியாது, அதனால் வெளிச்சம் பட்டால் கண்மணி சுருங்குமே, அந்தப் பாதுகாப்பு இதில் கிடைக்காது. வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருந்தால் அவர்கள் கைக்கு எட்டாமல் வையுங்கள்.

யூவியில் இரத்தம் ஒளிரும் என்று நம்புகிறவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். ஒளிராது. இரத்தம் யூவியை உறிஞ்சிக் கறுத்துத்தான் தெரியும்.

சரி, விளக்கு வெளிவந்துவிட்டது, எண்களும் வந்துவிட்டன என்று வைத்துக்கொள்வோம். எதைப் பார்ப்பது? ஆன்சி எஃப்எல்1 என்ற அளவுமுறை 2009-இல் வந்தது. அதன்படி லூமன் என்பதை விளக்கு எரிய ஆரம்பித்து 30 வினாடி கழித்துத்தான் அளக்க வேண்டும். போட்டவுடன் பளீரென்று ஒரு நொடி அடித்துவிட்டு இறங்கிவிடும் விளக்கின் ஏமாற்று அங்கே செல்லாது. தூரம் என்பது 0.25 லக்ஸ் வெளிச்சம், அதாவது முழு நிலவு அளவு வெளிச்சம், போய் விழும் இடம் வரைக்கும். 10,000 கேண்டெலா (ஒரே திசையில் பாயும் ஒளியின் செறிவு) உள்ள விளக்குக்கு அது 200 மீட்டர். கேண்டெலாவுக்கு வர்க்கமூலம் எடுத்து இரண்டால் பெருக்குங்கள், அவ்வளவுதான் கணக்கு. 200 மீட்டர் என்று போட்டிருந்தால் அந்தத் தூரத்தில் ஆள் முகம் தெரியும் என்று எண்ணிவிடாதீர்கள். பாதித் தூரத்தில்தான் பார்வைக்குப் பயன்படும் வெளிச்சம் இருக்கும். எரியும் நேரம் என்பது வெளிச்சம் ஆரம்பத்தில் இருந்ததில் பத்தில் ஒரு பங்காகக் குறையும் வரைக்கும். ஆக, 1000 லூமன், 5 மணி நேரம் என்று ஒரே வரியில் போட்டிருந்தால் அது பொய்யாக இல்லாமலும் இருக்கலாம். ஆனால் அந்த 5 மணி நேரத்தில் பெரும்பகுதி மங்கலில் ஓடியிருக்கும்.

இதைக் கணக்குப் போட்டே பிடித்துவிடலாம். இந்த விளக்குகளில் போடும் 18650 என்ற உருளை லித்தியம் பேட்டரி நல்லதாக இருந்தால் அதன் கொள்ளளவு 3500 எம்ஏஎச் அளவில் நிற்கிறது. 3.6 வோல்ட்டால் பெருக்கினால் 12.6 வாட்-மணி. ஒரு வாட்டுக்குச் சுமார் 100 லூமன் என்று வைத்தால் மொத்தம் 1260 லூமன்-மணி. அதாவது 1000 லூமன் குறையாமல் எரிந்தால் ஒன்றேகால் மணி நேரத்தில் பேட்டரி காலி. அதற்கு முன்னாலேயே சூடு ஏறி விளக்கு தானாக இறங்கிவிடும். நம் ஊர்ப் புழுக்கத்தில் கைக்குள் அடங்கும் குழல் அவ்வளவு சூட்டைத் தொடர்ந்து வெளியேற்ற முடியாது. அதைவிடப் பெரிய 21700 பேட்டரி போட்ட விளக்கு என்றால் 5000 எம்ஏஎச், 18 வாட்-மணி. உங்கள் 12 மணி நேர ஷிப்டுக்கு அதுதான் தோது.

நிற லூமன்களை ஒன்றோடொன்று ஒப்பிடாதீர்கள். லூமன் என்பது மனிதக் கண்ணின் உணர்வுக்கு ஏற்ப எடைபோட்ட எண். 555 நானோமீட்டர் பச்சையில் ஒரு வாட் ஒளி இருந்தால் 683 லூமன் என்று எழுதுவார்கள். அதே ஒரு வாட் 470 நானோமீட்டர் நீலமாக இருந்தால் 62 லூமன்தான். பச்சை 300, நீலம் 40 என்று போட்டிருந்தால் நீலத்தில் கஞ்சத்தனம் செய்துவிட்டார்கள் என்று அர்த்தமில்லை.

அடுத்தது, பலரும் வாங்கிய பிறகுதான் உணர்கிற விஷயம். நடுவில் வெள்ளை எல்இடி உட்கார்ந்துவிட்டால் மற்ற நிறங்கள் ஓரத்துக்குத்தான் போக முடியும். ரிஃப்ளெக்டரின் மையத்தில் இல்லாத ஒளி தூரம் பாயாது, அகலமாகப் பரவிவிடும். நைட்கோர் கம்பெனி கமீலியன் என்ற வரிசையில் வெள்ளையோடு ஒரே ஒரு நிறத்தை மட்டும் சேர்த்து, சிவப்புக்கு ஒரு விளக்கு, பச்சைக்கு ஒரு விளக்கு என்று தனித்தனியாக விட்டது. ஒரு விளக்கில் ஒரு நிறம் என்றால் அந்த நிறத்துக்குக் கிடைக்கும் இடமும் தனி. ஐந்தையும் ஒரே வாயில் அடைப்பவர்கள் எதையாவது விட்டுக்கொடுத்துத்தான் ஆக வேண்டும். எதை விட்டார்கள் என்பது வெளிவந்து, யாராவது சுவரில் அடித்துப் படம் எடுத்துப் போட்ட பிறகுதான் தெரியும்.

எனக்கு எல்லாவற்றையும்விட முக்கியம் சுவிட்ச். சில வருடங்களுக்கு முன் நானும் இப்படி ஒரு விளக்குக்கு முன்பணம் கட்டினேன். இணையத்தில் விற்ற ஒருவரிடம், வெளிவருவதற்கு முன்பாகவே. சொன்ன தேதிக்கு மூன்று மாதம் கழித்து வந்தது. சிவப்பு இருந்தது, நன்றாகவே இருந்தது. ஆனால் சிவப்புக்குப் போக வேண்டுமானால் வெள்ளை உச்சம், வெள்ளை நடு, வெள்ளை மங்கல் மூன்றையும் அமுக்கிக் கடந்து போக வேண்டும். இருட்டில் பழகிய கண்ணைக் காப்பாற்றத்தான் சிவப்பு. அந்தச் சிவப்பை அடைவதற்குள் மூன்று முறை கண்ணில் வெள்ளை அடித்துவிடுகிறது. கூட வந்த 18650-இல் 9900 எம்ஏஎச் என்று அச்சடித்திருந்தார்கள். அந்தக் கொள்ளளவு அந்த அளவு பேட்டரியில் அடங்கவே அடங்காது. கடைத் தராசில் வைத்தேன், 30 கிராம்கூட இல்லை. நல்ல 18650 சுமார் 45 கிராமுக்கு மேல் இருக்கும். திருப்பி அனுப்பக் கேட்டேன், பதில் வரவில்லை. 280 வெள்ளி போனது போனதுதான். அன்றிலிருந்து வெளிவராத சாமானுக்கு ஒரு காசு நான் கட்டுவதில்லை. கடைக்கு வருகிறவர்களையும் கட்ட விடுவதில்லை.

அதனால் இந்தப் புது விளக்கில் சிவப்புக்குத் தனி பட்டன் இருக்கிறதா, அல்லது அணைந்த நிலையிலிருந்து நேராகச் சிவப்பில் எழுப்ப முடியுமா என்பதைப் பார்க்காமல் வாங்காதீர்கள். பின்பக்க சுவிட்சைப் பாதி அமுக்கினால் எரிந்து, விட்டால் அணைய வேண்டும். ஜாகா வேலைக்கு டெக்டிகல் என்ற சொல்லில் உங்களுக்கு வேண்டியது அந்த ஒன்றுதான். முன் விளிம்பில் பல் பல்லாக வெட்டி வைத்திருப்பது சட்டைப் பையைத்தான் கிழிக்கும். தண்ணீர் தாங்கும் தரத்துக்கான ஐபிஎக்ஸ் எண் 7 அல்லது 8 இருக்கட்டும். 7 என்றால் ஒரு மீட்டர் தண்ணீரில் அரை மணி நேரம் தாங்கும். இங்கே மாலையில் கொட்டும் மழைக்கு 4 போதும் என்று பெட்டியில் எழுதியிருப்பார்கள், ஆனால் கடைக்கு வரும் விளக்குகளில் பாதி தண்ணீர் புகுந்து கெட்டவைதான். திருகும் இடத்தில் உள்ள ரப்பர் வளையத்துக்கு இரண்டு மாதத்துக்கு ஒரு முறை சிலிகான் கிரீஸ் தடவுங்கள். தேங்காய் எண்ணெய் வேண்டாம், அது பிசுபிசுத்துத் தூசியைச் சேர்க்கும்.

பேட்டரியைப் பற்றி ஒரு எச்சரிக்கை. பழைய லேப்டாப்பிலிருந்து கழற்றிய 18650-ஐ பாசார் மாலாமில் (இரவுச் சந்தையில்) மூன்று வெள்ளிக்கும் ஐந்து வெள்ளிக்கும் விற்கிறார்கள். வாங்காதீர்கள். நல்ல பேட்டரியையும் சில்லறைக் காசோடு சட்டைப் பையில் போடாதீர்கள். இரண்டு முனையும் காசில் பட்டால் பை பற்றிக்கொள்ளும். சார்ஜில் 4.2 வோல்ட்டில் நிற்காத சார்ஜர் இருந்தால் கடைக்குக் கொண்டுவாருங்கள், அளந்து சொல்கிறேன், காசு வேண்டாம்.

ஆக, உங்களுக்கு அவசரம் இல்லை. இப்போது கையில் இருக்கும் விளக்கு வேலைக்குப் போதும் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். புது விளக்கு வெளிவந்து இரண்டு மாதம் போகட்டும். வாங்கியவர்கள் சுவரில் அடித்துக் காட்டுவார்கள், சுவிட்சைப் பற்றிச் சொல்வார்கள், முதல் சரக்கில் இருக்கும் கோளாறுகளும் தெரிந்துவிடும். அப்போதும் விலை பெரிதாக ஏறியிருக்காது.

அப்பா விஷயம் வேறு. அவருக்கு இரண்டு கையும் வேலையில் இருக்கும், கைவிளக்கு எதற்கும் ஆகாது. வடக்கே நம் கெடாவிலும் பெர்லிஸிலும் கித்தாக் காட்டில் ஒரு விரியன் உண்டு. மலாய்க்காரர்கள் ஊலார் காப்பாக் போடோ என்பார்கள். போடோ என்றால் முட்டாள். ஆள் வந்தாலும் ஓடாமல் கிடக்கும், அதனால் அந்தப் பெயர். பழுப்பு உடம்பில் இரண்டு பக்கமும் கரும்பழுப்பு முக்கோணங்கள். ஆண்டின் தொடக்கத்தில் மரம் இலை உதிர்க்கும்போது அந்தக் காய்ந்த இலைக் குவியலில் அது கிடந்தால், குனிந்து பார்த்தாலும் இலையா பாம்பா என்று சொல்ல முடியாது. மரத்துக்கு மரம் நடக்கும் பால்வெட்டுக்காரர்கள்தான் பெரும்பாலும் அதை மிதிப்பது. அந்த முக்கோணங்கள் கண்ணுக்குப் பட வேண்டுமானால் பழுப்பையும் கரும்பழுப்பையும் பிரித்துக் காட்டும் வெளிச்சம் வேண்டும். சிவப்பு ஒளி அந்த வித்தியாசத்தை அழித்துவிடும். நீலம் தூக்கிய மலிவு வெள்ளை, எல்லாவற்றையும் ஒரே சாம்பலாக்கிவிடும்.

அவருக்குத் தலையில் கட்டும் விளக்கு, சிஆர்ஐ 90-க்கு மேல், நிறவெப்பம் 4000 கெல்வின் பக்கம், 200 லூமன் நான்கு மணி நேரம் குறையாமல் எரிந்தால் போதும். அகலமான வெளிச்சம் வேண்டும், தூரம் பாய வேண்டாம். அவர் பார்ப்பது அரைக் கை தூரத்துப் பட்டையையும் மூன்றடி தூரத்துத் தரையையும்தான். 120 வெள்ளிக்குள் கிடைக்கும். தலையில் கட்டும் நாடாவைத் துவைக்கக் கழற்ற முடியுமா என்று பாருங்கள். பாலும் வியர்வையும் சேர்ந்தால் ஒரே மாதத்தில் நாறிவிடும். ரப்பர் பூட்ஸ் இல்லையென்றால் அதையும் சேர்த்து வாங்குங்கள். தவறிக் கடி பட்டால் கட்டுப் போட்டு இறுக்குவது, கீறி உறிஞ்சுவது ஒன்றும் வேண்டாம். காலை அசைக்காமல் வைத்து நேரே பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். அதற்கு மருந்து இருக்கிறது.

அப்பாவின் விளக்கை வாங்கியதும் ஒருநாள் விடியலில் என்னைக் கூப்பிடுங்கள், நானும் காட்டுக்கு வருகிறேன். அவர் வழக்கமாக வெட்டும் முதல் மரத்தடியில், பழைய விளக்கை ஒரு தடவை, புது விளக்கை ஒரு தடவை அடித்து, பட்டையில் எது தெரிகிறது என்று அவரையே சொல்லச் சொல்வோம்.